பயணிகளின் கனிவான கவனத்திற்கு

ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு இப்போது பதினாறு வயது. போன இதழில் அவனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களை ஆசிரியர் குழுவினர் கட்டாகக் கட்டி எனக்கு அனுப்பிவிட்டார்கள். நான் திருச்சி பொன்மலையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். கணவர் ரயில்வே பணிமனையில் இருக்கிறார். நான் டாக்டரும் இல்லை, சிறப்பாசிரியரும் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சியைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். மீசை முளைத்த பிறகு என்ன செய்வது என்று கேட்டால்தான் எல்லாரும் மௌனமாகிவிடுகிறார்கள். அதனால் அந்த வயதைப் பற்றிய கடிதங்களையே எடுத்துக்கொண்டேன்.

உங்கள் மகன் பேசுவானா? ஒரு நாள் உங்களுக்கு எப்படிப் போகும்?
- வாசகி, திண்டுக்கல்

பேசுவான், அவன் வழியில். காலையில் எழுந்ததும் அடுப்படி வாசலில் வந்து நின்று, “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்பான். ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் வரும் அதே ஏற்ற இறக்கம். என்னைக் கூப்பிடுகிறான் என்று அர்த்தம். கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினால் அடுத்த சொல் வரும்: “பால்.” இல்லையென்றால் “தோசை.” உடம்பு முடியாத நாளில் “காலதாமதமாக” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாயிலேயே சுருண்டுகொள்வான்.

எங்கோ கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்வதை எதிரொலிப் பேச்சு என்கிறார்கள். அதை அடக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இன்றைக்குப் பேச்சுப் பயிற்சியாளர்கள் பலரும் அதையும் பேச்சாகவே எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் எதற்காகச் சொல்கிறான் என்று கவனிக்கச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டிலும் விளம்பர வரியோ சினிமா வசனமோ வந்துகொண்டே இருந்தால், எப்போது வருகிறது என்று குறித்துப் பாருங்கள். பாதிக்குமேல் பொருள் பிடிபட்டுவிடும்.

அவசரத்துக்கு டேப்லெட்டில் ஆவாஸ் என்ற செயலியும் வைத்திருக்கிறோம். சென்னையில் உருவானது, தமிழிலும் உண்டு. படத்தைத் தொட்டால் அது பேசும். அதைக் கொடுத்தால் பிள்ளை வாய் திறக்கவே மாட்டான் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். இப்படிப்பட்ட கருவிகள் பேச்சைத் தடுப்பதில்லை என்பதைத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன.

நாள் எப்படிப் போகும் என்றால், விடியற்காலையில் திருச்சி வானொலி. 1939-இல் தொடங்கிய நிலையம், எங்கள் அப்பா கேட்டது, நானும் விடவில்லை. சத்தத்தைக் குறைத்துவைத்து இட்லி ஊற்றுவேன். பீரோக் கதவில் அன்றைய வேலைகள் படம் ஒட்டிய அட்டைகளாகத் தொங்கும்: பல், குளியல், சட்டை, பயிற்சி மையம், சாப்பாடு, ரயில், தூக்கம். முடிந்த அட்டையை அவனே கழற்றி டப்பாவில் போடுவான். ஆட்டோ வராது, கரண்ட் இருக்காது என்று தெரிந்தால் சிவப்பு அட்டை ஒன்றை நடுவில் மாட்டிவிடுவேன். சிவப்பு என்றால் ‘இன்றைக்கு மாற்றம்’. அதைப் பார்த்துவிட்டால் முனகுவான், ஆனால் தாங்கிக்கொள்வான். முன்னறிவிப்பு இல்லாத மாற்றம்தான் அவனைப் புரட்டிப்போடும். அவன் மையத்துக்குப் போன பிறகு மதியம்வரை ஜாக்கெட், சுடிதார். சாயங்காலம் அவனோடு ரயில் பார்க்கக் கிளம்பிவிடுவேன்.

என் பேரனுக்குப் பதினான்கு வயது. செல்போனில் லிஃப்ட் வீடியோ தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. போனைப் பிடுங்கிவிடலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயம்புத்தூர்

போன் நேரத்தைக் குறையுங்கள் ஐயா, லிஃப்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள். நீங்கள் ஆசிரியராக இருந்தவர். உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்திருப்பீர்கள்: 6 பேர் 408 கிலோ, 8 பேர் 544 கிலோ, 10 பேர் 680 கிலோ. ஆளுக்கு 68 கிலோ என்பது கணக்கு. பெருக்கல், வகுத்தல் எல்லாம் அந்தத் தகட்டிலேயே இருக்கிறது. தரைக்குக் கீழே கார் நிறுத்தும் தளத்துக்கு மைனஸ் ஒன்று என்று பொத்தான் இருந்தால், குறை எண்ணும் வந்துவிட்டது. உங்களைவிட நல்ல வாத்தியார் அவனுக்குக் கிடைக்க மாட்டார்.

எங்கள் வீட்டில் ரயில். தமிழ் எழுத்தை அவன் பாடப்புத்தகத்தில் கற்கவில்லை, பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் கற்றான். ஒரே ஊரின் பெயர் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், மூன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். ஒற்றைப்படை, இரட்டைப்படை வந்ததும் அப்படித்தான். சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் வைகை 12635, திரும்பிப் போவது 12636. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் வருவது 12653, போவது 12654. பல்லவனுக்கு 12605, 12606. எந்த வண்டியைச் சொன்னாலும் அதன் ஜோடியைச் சொல்லிவிடுவான். மணியை இருபத்து நான்கு மணிக் கணக்கில்தான் சொல்வான், “பதினேழு நாற்பதுக்குக் காபி” என்று. வண்டி எவ்வளவு தாமதம் என்று பார்க்கப்போய்க் கழித்தல் வந்தது.

பொன்மலையில் குடியிருப்பது எங்கள் அதிர்ஷ்டம். நாகப்பட்டினத்திலிருந்த பணிமனை 1928-இல் இங்கே வந்தது. ஊட்டி மலை ரயிலின் நீராவி இன்ஜின்களைப் பழுதுபார்ப்பதும் இங்கேதான், புதிதாகச் செய்தும் அனுப்பியிருக்கிறார்கள். அப்பா அங்கே வேலை பார்க்கிறார் என்பதில் அவனுக்கு எவ்வளவு பெருமை என்பதை, யூனிஃபார்மை அவன் மடித்துவைக்கும் விதத்தில் பார்க்கலாம்.

ஒரு வார்த்தை மட்டும், ஐயா. எல்லா லிஃப்டையும் பாடமாக்கிவிடாதீர்கள். சில நாள் சும்மா போய் நின்று, கதவு திறப்பதையும் மூடுவதையும் அவனோடு சேர்ந்து பாருங்கள். நான் தண்டவாள ஓரத்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பெட்டிகளை எண்ணத் தொடங்கி, இப்போது எனக்கே சரக்கு வண்டி என்றால் பிடித்துப்போய்விட்டது.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஆட்டிசம் இருக்கிறது. வயதுக்கு வரப்போகிறாள். “அவளுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம், கர்ப்பப்பையை எடுத்துவிடு” என்கிறார் என் மாமியார். தூக்கமே வரவில்லை அக்கா.
- பெயர் வேண்டாம், கரூர்

தங்கச்சி, முதலில் அந்த அறுவை சிகிச்சைப் பேச்சை முடித்துவிடுவோம். வேண்டவே வேண்டாம். 1994-இல் மகாராஷ்டிரத்தில் ஷிரூர் அரசு விடுதியிலிருந்த அறிவுசார் குறைபாடு உள்ள பெண்களுக்குப் புனேயில் வைத்து இதைச் செய்தார்கள். நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அவர்கள் தாமாக அறிந்து சம்மதிக்காமல் கருத்தரிக்க முடியாமல் செய்யும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்கிறது. இன்னொன்று. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். தப்பான எண்ணத்தோடு வருகிறவனை அது தடுக்காது. மாமியாரிடம் இதை நீங்களே சொல்லத் தயங்கினால், பெண் டாக்டரிடம் அழைத்துப் போய் அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

இனி கற்றுக்கொடுப்பது. என் நாத்தனார் மகளுக்கும் ஆட்டிசம் உண்டு, அவளுக்குச் செய்ததைச் சொல்கிறேன். வருவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். பேடைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பிரித்து ஒட்டச் சொல்லுங்கள். சிலருக்கு அந்தக் காகிதம் கரகரக்கும் சத்தம் ஆகாது. அவர்களுக்குத் துணிப் பேடு சரிப்படும். உள்ளாடையின் வெளிப்பக்கம், பேடு எங்கே உட்கார வேண்டுமோ அந்த அளவுக்குச் சுற்றிக் கலர் நூலில் ஓட்டுத்தையல் போட்டுக் கொடுங்கள். கோட்டுக்குள் ஒட்டினால் போதும் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். நூல் முடிச்சு உள்ளே வரக் கூடாது, குத்தும். காய்ந்த பேடை முதலில் கொஞ்ச நேரம் போட்டிருக்கட்டும், பிறகு பள்ளி முடியும்வரை. பீட்ரூட் தண்ணீரைக் கொஞ்சம் விட்டு, நிறம் இப்படி இருந்தால் மாற்ற வேண்டும் என்று காட்டுங்கள். பயன்படுத்தியதைச் சுற்றும் காகிதமும் போடும் வாளியும் எப்போதும் அதே இடத்தில் இருக்கட்டும். ரத்தத்தைப் பார்த்தால் அடிபட்டுவிட்டது என்று பயப்படுவாள் என்பதால், ‘இது அடி இல்லை, மாதத்தில் சில நாள் வரும், போய்விடும்’ என்று காலண்டரில் சிவப்புப் பொட்டு வைத்துக் காட்டுங்கள்.

யாரிடம் சொல்லலாம் என்பதையும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: அம்மா, டீச்சர், சித்தி. இல்லையென்றால் பால்காரரிடமும் சொல்வாள். தப்பு அவளுடையது ஆகாது. குளிக்கும்போது கதவைச் சாத்துவது, உடை மாற்றுவது அறைக்குள்ளே மட்டும், யார் தொடலாம், யார் தொடக் கூடாது, “வேண்டாம்” என்று கத்துவது, இதையெல்லாம் இந்த வயதில் தினமும் சொல்ல வேண்டும். பையன்களுக்கும் இதே பாடம்தான். என் மகனுக்கு முகம் மழிக்கவும் குளியலறைக் கதவைத் தாழிடவும் அவன் அப்பாதான் கற்றுக்கொடுத்தார். நான் கற்றுக்கொடுப்பது பொருத்தமாக இருக்காது என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம். பன்னிரண்டு வயதுப் பெண்ணையும் பதினாறு வயதுப் பையனையும் ‘பாப்பா’ என்று மடியில் வைத்துக்கொண்டிருந்தால் ஊரும் அப்படியே நடத்தும்.

மஞ்சள் நீராட்டு வைப்பது உங்கள் விருப்பம். மைக் செட்டும் பட்டுச்சேலையும் அவளுக்கு ஆகாது என்றால், வீட்டோடு பருத்திப் பாவாடையில் முடித்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுத வைக்கலாமா?
- வாசகர், விழுப்புரம்

எழுதலாம். சொல்வதை எழுத ஆள், கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளைப் பள்ளி வழியாக முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். பள்ளி ஒத்துவரவில்லை என்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. பாடங்களைத் தேர்ந்தெடுத்து, ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம்.

மகனுக்குப் பதினைந்து வயது, என்னைவிட உயரம். சில நாளாகக் கை ஓங்குகிறான், தன் கையையே கடித்துக்கொள்கிறான். பெற்ற பிள்ளையைப் பார்த்தே பயப்படுகிறேன். மருந்து கொடுக்கலாமா?
- வாசகி, சேலம்

பயப்படுவதில் வெட்கம் எதுவும் இல்லை அம்மா. கனத்த கை விழுந்தால் வலிக்கத்தான் செய்யும். ‘சில நாளாக’ என்று எழுதியிருக்கிறீர்கள், அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். புதிதாக ஏதோ நடந்திருக்கிறது.

என் மகன் ஒரு சமயம் இடது தாடையில் தானே குத்திக்கொள்ள ஆரம்பித்தான். இரண்டு மூன்று தடவை, பிறகு நிறுத்துவான், வெந்நீர் குடித்தால் மறுபடியும். தடுக்கப்போன என் மணிக்கட்டில் வளையல் உடைந்தது. பிடிவாதம் என்றார்கள், வயசுக் கோளாறு என்றார்கள். இரவு அவன் தூங்கிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈறு ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல் சொத்தை. “பல் வலி” என்று சொல்ல வார்த்தை இல்லாதவன் எப்படிச் சொல்வான், கையால்தான் சொன்னான். பல்லைச் சரிசெய்த பிறகு குத்துவது நின்றது. அதனால் பல், காது, தலைவலி, மலச்சிக்கல், சிறுநீர் எரிச்சல் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இந்த வயதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று வலிப்பு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு விடலைப் பருவத்தில்தான் முதல்முறையாக வரும். சற்று நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தால் நரம்பியல் டாக்டரிடம் சொல்லுங்கள், முடிந்தால் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

உடம்பில் ஒன்றும் இல்லை என்றால், ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணி, அதற்கு முன் என்ன நடந்தது, யார் இருந்தார்கள், பிறகு என்ன செய்தோம். ஒரு வாரம், இரண்டு வாரம் எழுதினால் கோடு தெரியும். பக்கத்து வீட்டு மிக்ஸியாக இருக்கலாம், டியூஷன் டீச்சர் மாறியதாக இருக்கலாம், தூக்கம் கெட்டதாக இருக்கலாம். கோபம் ஏறும் நேரத்தில் புத்திமதி வேண்டாம். ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை போதும். கண்ணாடிச் சாமான்களை எடுத்துவிட்டு, கை எட்டாத தூரத்தில் நின்றுகொள்ளுங்கள்.

மருந்து பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ரிஸ்பெரிடோன், அரிபிபிரசோல் என்று மனநல மருத்துவர் எழுதித் தருவது அந்தக் கொந்தளிப்பைக் குறைப்பதற்கு. ஆட்டிசத்தை மாற்ற அல்ல. பசி கூடும், எடை ஏறும், அதனால் எடையையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். தேவைப்பட்டால் கொடுப்பதில் தவறில்லை. நீங்களாக நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது.

எங்கள் பேருந்தில் இப்படிப் பிள்ளைகள் வருவதுண்டு. திடீரென்று கத்தினால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
- அரசுப் பேருந்து நடத்துநர், தஞ்சாவூர்

கேட்டதற்கே கும்பிடுகிறேன் அண்ணா. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு நாள், பின்னால் நின்ற வண்டிக்காரர் ஏர்ஹாரனை நீட்டி அழுத்திவிட்டார். என் மகன் படியிலேயே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு ஓலமிட்டான். பணிமனையில் போடும் காது மூடி ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். அதை மாட்டிவிடுவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் தண்ணீர் தெளிக்கிறார், ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார், ஒருவர் செல்போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த நடத்துநர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்” என்றார். முன் சீட்டில் இருந்தவரை எழுப்பி இடம் தந்தார். இவன் ஏறி உட்கார்ந்ததும், விசிலை வாய்வரை கொண்டுபோனவர் அதை இறக்கிவிட்டு, பேருந்தின் தகட்டைக் கையால் இரண்டு தட்டு தட்டி “ரைட்” என்றார். திருவெறும்பூர் தாண்டும்வரை விசிலே ஊதவில்லை.

அவர் செய்ததையே நீங்களும் செய்யுங்கள். இடம், காற்று, சத்தக் குறைவு. பிள்ளையைப் பிடித்து அமுக்காமல் இருப்பது. தாயிடம் “என்னம்மா ஆச்சு” என்று விசாரிக்காமல், “என்ன வேணும்” என்று மட்டும் கேட்பது.

குலதெய்வக் குறை என்கிறார்கள், தடுப்பூசி என்கிறார்கள், அம்மா கொஞ்சாமல் வளர்த்ததால் என்கிறார்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடுமாம், லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். நிலத்தை விற்கலாமா?
- வாசகி, தேனி

நிலத்தை விற்காதீர்கள். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த நிலம் உங்கள் பிள்ளையின் நாற்பது வயதுக்குச் சோறு.

தடுப்பூசிப் பேச்சு 1998-இல் லண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. 2010-இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன்பின் லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துப் பார்த்தும் தொடர்பு இல்லை என்றே வந்தது. தாய் பாசம் காட்டாததால் வருகிறது என்பது இன்னும் பழைய கதை. 1943-இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் இந்தப் பிள்ளைகளைப் பற்றி விரிவாக எழுதிய காலத்துக்குப் பின் சில மருத்துவர்கள் அதைப் பரப்பினார்கள். 1964-இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், அவரே ஆட்டிசம் உள்ள பையனின் தகப்பன், இது பிறவியிலேயே மூளை வளரும் விதத்தைச் சேர்ந்தது என்று புத்தகம் எழுதி அதை உடைத்தார். இருந்தும் நம் தெருவில் இன்னும் அதே கேள்வியைத் தாயிடம்தான் கேட்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இந்த ஒன்றுக்குத்தான்.

குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பது உங்கள் நம்பிக்கை, வையுங்கள், நாங்களும் வைக்கிறோம். ஆனால் கட்டிவைப்பது, சூடு போடுவது, வேப்பிலையால் அடிப்பது என்று எவராவது சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வாயில் விடச் சொல்லும் ‘அற்புத’ திரவங்களும் வேண்டாம். சிலவற்றில் இருப்பது துணி வெளுக்கும் ரசாயனம்.

மகனுக்கு 18 ஆகப்போகிறது. சட்டப்படி என்னென்ன செய்துவைக்க வேண்டும்?
- வாசகர், நாகர்கோவில்

இதில் எல்லா வீட்டிலும் தள்ளிப்போடுகிறார்கள் ஐயா. மருத்துவச் சான்றும், மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டையும் இல்லையென்றால் அதுதான் முதல் வேலை. மதிப்பீட்டுக்கு ஐசா என்ற நாற்பது கேள்வி கொண்ட இந்திய அளவுகோலைப் பயன்படுத்துவார்கள். சான்றில் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமையும் அதில் சேர்த்திதான்.

18 முடிந்த நாளிலிருந்து சட்டத்தின் கண்ணில் அவர் பெரியவர். பெற்றோர் என்பதாலேயே நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசமும் வருகிறது. அதன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப் பாதுகாவலராக ஆகலாம். அதற்கு முன், உங்கள் மகன் எந்தெந்த முடிவுகளைத் தானே எடுப்பார் என்று உட்கார்ந்து யோசியுங்கள். எல்லாவற்றையும் நம் கைக்கு எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. என் மகன் தன் சட்டையையும், தன் சாப்பாட்டையும், தன் கைச்செலவுக் காசையும் தானே முடிவு செய்கிறான்.

அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவு கிடைக்கும். வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால், குறைபாடு உள்ள பிள்ளையைப் பராமரிப்பதற்காக 75,000 ரூபாய் கழிவு, பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் மத்திய அரசு ஊழியர் என்றால், சம்பாதிக்க இயலாத பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் ஆயுள்வரை உண்டு. பணியில் இருக்கும்போதே பிள்ளையின் பெயரையும் குறைபாட்டையும் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். என் கணவர் ஏற்றிவிட்டார். சந்தேகத்துக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, மதிப்பீடு, பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில்.

அண்ணனுக்கு ஆட்டிசம். எனக்கு 17 வயது. அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் “எங்களுக்கு அப்புறம் நீதான் பாத்துக்கணும்” என்று அப்பா சொல்லும்போதெல்லாம் மூச்சு முட்டுகிறது. நான் கெட்ட பெண்ணா ஆன்ட்டி?
- பிளஸ் டூ மாணவி, மதுரை

இல்லை கண்ணு. உன் கடிதத்தை என் மகள் படித்தாள். எட்டாவது படிக்கிறாள். “நானும் இப்படித்தான் நினைப்பேன்” என்றாள். என்னிடம் அதுவரை அவள் சொன்னதில்லை. உன் பெயரைச் சொல்லி உனக்கு நன்றி சொல்ல முடியவில்லை, இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

உன் அப்பா பயத்தில் சொல்கிறார். அந்தப் பயத்துக்கு மருந்து உன் தோளில் இல்லை, மேலே நாகர்கோவில் ஐயாவுக்கு எழுதியிருக்கிறேனே, அந்த வேலைகளில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மடித்து அப்பாவின் மேஜையில் வை. விரும்பிய காலேஜில் சேர். ஹாஸ்டல் என்றாலும் போ. அண்ணன் போனில் பேசாவிட்டாலும் அவன் அடையாளம் காணும் ஏதாவது ஒன்று உங்களுக்குள் இருக்கும், அதை விடாதே. என் மகள் பாட்டி வீட்டுக்குப் போனால் தினமும் அவனுக்கு ஒரு வண்டி எண் அனுப்புவாள், அவன் ஜோடி எண்ணை அனுப்புவான். வேறு ஒரு வார்த்தை இருக்காது.

தையல் தெரிந்தவர் என்பதால் கேட்கிறேன். மகன் எந்தச் சட்டையையும் போட மாட்டேன் என்கிறான். கூடவே ஒரு கேள்வி: உங்களுக்கென்று ஏதாவது நேரம் உண்டா?
- வாசகி, புதுச்சேரி

உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் மகனும் பொன்மலைச் சந்தைக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் நான் ஆரி வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, அடியிலிருந்து நூலைக் கொக்கியால் மேலே எடுக்கும்போது வேறு எந்த நினைப்பும் வராது. கல்யாண ஜாக்கெட்டுக்கு நல்ல கூலியும் கிடைக்கிறது. வகுப்பில் யாரும் என்னிடம் மகனைப் பற்றிக் கேட்பதில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

இனி சட்டை. கழுத்து லேபிளை வெட்டினால் மட்டும் போதாது, தையலுக்குள் நிற்கும் அடிக்கட்டைதான் அதிகம் குத்தும். தையலையே பிரித்து எடுங்கள். ஓவர்லாக் போட்ட விளிம்பு சில பிள்ளைகளுக்கு ஆகாது. உள்பக்கம் விளிம்பு மறையும்படி இரண்டு முறை மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். வீட்டில் போடுவதற்கு என்றால் சட்டையை உள்புறம் வெளியே வரத் திருப்பிப் போட்டுவிடலாம், அதில் என்ன கௌரவக் குறைச்சல். காலருக்குப் பசை வைத்த கேன்வாஸ் வைக்க வேண்டாம், வெறும் துணி போதும். வெல்க்ரோ பிரிக்கும் சத்தம் ஆகாதவர்களுக்கு பிரஸ் பட்டன். மேலே போலிப் பட்டன் தைத்துவிட்டால் பார்க்க மற்ற பையன்களின் சட்டை மாதிரியே இருக்கும், இந்த வயதில் அது முக்கியம். புதுத் துணியை நான்கைந்து முறை துவைத்துக் கஞ்சி போகவைத்த பிறகு வெட்டக் கொடுங்கள்.

டெய்லர் கடையில் டேப்பை உடம்பில் சுற்றினால் துள்ளுவான். அவன் விரும்பிப் போடும் பழைய சட்டை ஒன்று இருக்குமே, வெளுத்துப்போயிருந்தாலும் பரவாயில்லை, அதைக் கொடுத்து அளவெடுக்கச் சொல்லுங்கள். தோளுக்கும் மார்புக்கும் மட்டும் ஒரு இன்ச் கூட்டச் சொல்லிவிடுங்கள். வளர்கிற வயசு.